மூன்றாம் வீட்டுக்குக் காய்ச்சல்

பங்குனி மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், கோவில்பட்டியில் ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிற ஐந்து வீட்டுக் காம்பவுண்டில், மூன்றாம் வீட்டுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வீட்டில் குடியிருந்த செண்பகவல்லி வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்து, காலில் ஒட்டிய ஈரமண்ணைத் துடைப்பதற்காகச் சுவரில் கை ஊன்றியபோது சுவர் சுட்டது. வெயில் இன்னும் ஏறவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை. அவள் புறங்கையை வைத்துப் பார்த்தாள், பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் புருஷனை எழுப்பி, வீட்டுக்கு மேலுக்குச் சரியில்லை என்று சொன்னாள்.

கோமதிநாயகம் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தான். ஆமாம் என்றான். அடுத்த அறைச் சுவரையும் சமையல் மேடையையும் தரையையும் தொட்டுப் பார்த்தான். எல்லாமே வெதுவெதுவென்று இருந்தன, முந்தின நாள் பிடித்து வைத்த குடத்துத் தண்ணீர்கூட வெந்நீராகி இருந்தது. வீடு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி, குளிர்காய்ச்சல்காரனின் பல் அடிப்பதைப் போலச் சத்தம் போட்டன. அவன் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்தான், எந்தப் பக்கமாகப் போர்த்துவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

பதினோரு வருஷமாக அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். இட்லி மாவு அரைத்து விற்பது பிழைப்பு. செண்பகவல்லி அரைப்பாள், கோமதிநாயகம் மொபெட்டின் இரண்டு பக்கமும் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். ஆரம்பத்தில் ஒரு சின்ன கிரைண்டர் இருந்தது, பிறகு சாய்க்கிற மாதிரி பெரிய கிரைண்டர் ஒன்று வந்தது, போன தீபாவளிக்கு அதேபோல இன்னொன்று வந்தது, மாவு புளிக்காமல் இருக்கப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும் வந்தது. எல்லாம் வந்தன, பிளக் பாயிண்ட் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு குண்டு பல்பும் ஒரு ரேடியோவும் போதும் என்று இருந்த காலத்தில் கட்டின வீடு அது. ஒரு பிளக்கில் இன்னொன்றைச் செருகி, அதில் வேறொன்றைச் செருகி, திருவிழாவில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பதைப் போல எல்லாவற்றையும் அந்த ஒரே இடத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள்.

முதல் வீட்டில் அமலோற்பவம் இருந்தார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை. காம்பவுண்டே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவர் இரவு டியூட்டி முடிந்து வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மூன்றாம் வீட்டுக்குள் நுழைந்து, ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்றில் தெர்மாமீட்டரைச் செருகி இரண்டு நிமிஷம் காத்திருந்தார். நூற்றிரண்டு என்று சொன்னார். வார்டில் நோயாளியின் கட்டில் காலில் தொங்கவிடுகிற காய்ச்சல் அட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, பெயர் என்கிற இடத்தில் மூன்றாம் வீடு என்றும், வயது என்கிற இடத்தில் நாற்பது இருக்கலாம் என்றும் எழுதி, நிலைக்கதவில் மாட்டினார். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருதரம் பார்த்துக் குறித்து வைக்கும்படி செண்பகவல்லியிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

சாயங்காலத்துக்குள் செய்தி தெரு முழுக்கப் போய்விட்டது, மறுநாளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால் பன்ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கி வந்து வாசற்படியில் வைத்தார்கள், உள்ளே வந்து சுவரைத் தொட்டு உச்சுக் கொட்டினார்கள், தங்கள் வீடுகளுக்கு இந்த மாதிரி வந்ததில்லை என்றும், பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குப் பக்கவாதமே வந்து ஒரு பக்கம் சாய்ந்துபோனதாகவும் சொன்னார்கள். கிரைண்டர் போட்ட நேரத்தில் வந்தவர்கள் அதிகம் வருத்தப்பட்டுப் போனார்கள். அப்போது விளக்கெல்லாம் மங்கி, வீடு கண் சொருகுவது போல இருந்தது. ஸ்விட்சு பெட்டிக்குள்ளிருந்து நொய்யென்று ஒரு முனகல் வந்தது. பாவம், முடியவில்லை அதுக்கு என்று சொல்லிவிட்டு அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். குழாயைத் திறக்கப் போன ஒருத்தி கை ஜிவ்வென்று இழுப்பதாகச் சொன்னாள். காய்ச்சல் உடம்பைத் தொட்டால் அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் அவளைச் சமாதானப்படுத்தினார்கள்.

பிள்ளை இல்லாத அந்த இரண்டு பேரும் வீட்டை மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்கள். செண்பகவல்லி ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து சுவரில் ஒற்றினாள். எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அந்த இடத்தில் மஞ்சளைத் தொட்டு அடையாளம் வைத்தாள், பிறகு பத்துப் போட வசதியாக இருக்கும் என்று. கோமதிநாயகம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். மாவு விற்றுவிட்டு வந்ததும் அவன் வாசற்கதவுக்கு மேலே இருந்த மீட்டர் போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதும், யாராவது வந்தால் நகர்ந்து போவதுமாக இருந்தான். வேலையை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. ஊற வைத்த அரிசி காத்திருக்காது. காலை பதினோரு மணிக்கு ஒரு ஈடு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு ஈடு, எந்நாளும் போல அரைத்தார்கள்.

டாக்டரும் வந்தார். அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுவரில் வைத்து மூன்று இடங்களில் கேட்டுவிட்டு, சளி இல்லை, நாடி மட்டும் வேகமாக ஓடுகிறது என்றார். காய்ச்சல் மாத்திரைகளைப் பொடித்துச் சுண்ணாம்பில் கலந்து இரண்டு கோட்டு அடிக்கச் சொன்னார். கோமதிநாயகம் அடித்தான். சுண்ணாம்பு மட்டையைப் பிடித்த கை முழங்கைவரை மரத்துப்போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்று ஒரு பொழுதுக்குக் காய்ச்சல் தணிந்த மாதிரி இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு நூற்றுமூன்று ஆனது.

அதற்கடுத்த திங்கட்கிழமை பிளக் பாயிண்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் புள்ளிகள் தோன்றின. வெள்ளைப் பலகையில் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து, மிளகளவு, உளுந்தளவு என்று பெருகி, நடுவில் கருத்து, ஓரத்தில் கொப்பளித்து நின்றன. கருகின வாடை ஒன்றும் அடித்தது. நாலாம் வீட்டு மாடத்தி வந்து பார்த்தாள். மாரியம்மன் கோயில் முளைப்பாரிக்கு அந்தத் தெருவில் முன்னால் நிற்கிறவள் அவள்தான். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள், செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள், கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மை என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள், டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள், காம்பவுண்டில் ஐந்து வீட்டிலும் தாளிப்பதை நிறுத்தினார்கள், மீன்காரம்மாவைத் தெருமுனையிலேயே திருப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் சத்தமாகப் பேசக்கூடாது என்று பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்கள், பிள்ளைகளும் அந்த இடம் வந்ததும் நுனிக்காலில் நடந்தன. அமலோற்பவம் இதற்கெல்லாம் குறுக்கே நிற்கவில்லை. வேதக்கோயிலுக்குப் போகிற அவரும் வேப்பிலையைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றினார், உள்ளே போய் அட்டையை மட்டும் பார்த்து எழுதிவிட்டு வந்தார்.

புதன்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை ஊர் முழுக்கக் கரண்டு இல்லை. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்துகிற நாள் அது. அன்று அரைக்க முடியவில்லை. செண்பகவல்லி பதினோரு மணிக்குத் தெர்மாமீட்டரைச் செருகி எடுத்தபோது தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு இருந்தது. நாலு மணிக்கும் அதேதான் இருந்தது. தட்டுகள் சும்மா இருந்தன, முனகல் இல்லை, சுவர் குழந்தை கன்னம் மாதிரி குளிர்ந்திருந்தது. அவள் வெளியே ஓடிவந்து சொன்னாள். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று மாடத்தி சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைக்குத் தண்ணீர் விட்டுவிடலாம் என்று நாள் குறித்தார்கள். வியாழக்கிழமை கிரைண்டர் போட்டதும் மறுபடி சூடு ஏறியபோது, தண்ணீர் விடும்வரை அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒன்பது குடங்களில் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, காலையிலிருந்தே வெயிலில் வைத்திருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. உள்ளே பத்துப் பேர் நின்றால் நிறைந்துபோகிற வீடு என்பதால் மற்றவர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள், அவர்கள் நடுவில் ஒயர்மேன் சங்கிலியும் தன் மனைவி வைத்த பொங்கல் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாடத்தி வேப்பங்கொத்தைக் குடத்தில் முக்கிச் சுவரில் நாலு துளி தெளித்தாள். பெற்றவள் மாதிரி பார்த்துக்கொண்டவள்தான் முதல் குடம் ஊற்ற வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். செண்பகவல்லி ஈரச்சேலையோடு, வெறுங்காலோடு, முதல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பிளக் பாயிண்ட் இருந்த சுவருக்கு எதிரே நின்றாள்.

அமலோற்பவம் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தார். நோய் தெளிந்தவர்களின் அட்டையில் கடைசியாக ஒரு கையெழுத்துப் போடுவது வழக்கம். அதற்காக அட்டையைக் கழற்றினார். எந்த நோயாளியின் அட்டையையும் கையெழுத்துப் போடுமுன் மேலிருந்து கீழே ஒருதரம் வாசிப்பது அவருடைய பழக்கம். பன்னிரண்டு நாளையும் வாசித்தார். இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். செண்பகவல்லி வைத்த மஞ்சள் புள்ளிகள், கதவுக்கு மேலே மீட்டர் போர்டிலிருந்து புறப்பட்டு, உத்தரத்தையொட்டி வளைந்து, நேராகக் கீழே இறங்கிப் பிளக் பாயிண்டில் வந்து முடிந்திருந்தன.

"செம்பகம், குடத்தைக் கீழ வை" என்றார்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று மாடத்தி சொன்னாள். வாசலில் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்து தடுப்பது நன்றாகவா இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். சிஸ்டர் செண்பகவல்லியின் பக்கத்தில் போய், குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சல்னா முதல்ல என்ன தின்னுச்சுன்னுதான் கேப்போம். உன் வீடு என்ன தின்னுது?"

"வீடு என்னத்தக்கா தின்னும்" என்றாள் செண்பகவல்லி. அப்புறம், "கரண்டுதான்" என்றாள்.

"பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் ஏறியிருக்கு. தினமும் ஏறியிருக்கு. புதன்கிழமை ஏறலை. புதன்கிழமை நீ என்ன செய்யலை?"

செண்பகவல்லியின் கண் கிரைண்டர்களின் மேல் போனது, அங்கிருந்து பிளக்கின் மேல், அங்கிருந்து தான் வைத்த மஞ்சள் புள்ளிகளின் வழியே மேலே ஏறி மீட்டர் போர்டுக்குப் போனது. குடத்தைக் கீழே வைத்தாள். வைக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது, அது தன் காலைத் தொடுமுன் பின்வாங்கிக்கொண்டாள்.

ஒயர்மேன் சங்கிலி பொங்கல் சட்டியைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற டெஸ்டரை எடுத்தார். ரப்பர் செருப்பு போட்டிருந்தார். அம்மை வீடென்று அதைக் கழற்றப் போனவரை மாடத்தியே வேண்டாம் என்று கையமர்த்தினாள். அவர் ஸ்விட்சைத் தொடவில்லை, பிளக்கைத் தொடவில்லை, வேப்பங்கொத்திலிருந்து தண்ணீர் தெறித்து ஈரமாகி இருந்த வெறும் சுவரில் டெஸ்டரின் நுனியை வைத்து, மறுமுனையைக் கட்டைவிரலால் தொட்டார். அதற்குள்ளிருந்த சின்ன விளக்கு செக்கச்செவேலென்று எரிந்தது.

"சுவத்துல கரண்டு இறங்கியிருக்கு" என்றார். "ஒரு குடம் ஊத்தியிருந்தா ஊத்துன கை மிஞ்சியிருக்காது."

வீட்டுக்குள் இருந்தவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எதிலும் படாமல், வந்த வழியே வெளியே வந்தார்கள். மாடத்தி கடைசியாக வந்தாள். வாசலில் நின்று திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆத்தாதான் நேரத்துக்கு சிஸ்டரை அனுப்பி வைத்தாள் என்று சொன்னாள். அமலோற்பவம் அதை மறுக்கவில்லை.

சங்கிலி மெயினை இறக்கினார். தட்டுகளின் சத்தம் நின்றது. பியூஸ் கட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மயிரிழை போல ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில், வண்டி ஒயரின் செம்புக் கம்பிகளை ஏழெட்டாக முறுக்கி, கயிறு மாதிரி கட்டியிருந்தது. இதைக் கட்டியது யார் என்று கேட்டார்.

கோமதிநாயகம் நான்தான் என்றான். மாசி மாதத்தில் மூன்று தடவை பியூஸ் போனதையும், ஒவ்வொரு தடவையும் பாதி அரைத்த மாவு கிடந்து புளித்ததையும், நாலாம் தடவை போகாமல் இருப்பதற்காக மொபெட்டின் பழைய ஒயரை உரித்து முறுக்கிக் கட்டியதையும், அன்றிலிருந்து அது போகவே இல்லை என்று சந்தோஷப்பட்டதையும், சுவர் சுட்ட அன்றே மனசுக்குள் ஏதோ உறுத்தியும் சொல்லப் பயந்து இருந்துவிட்டதையும் சொன்னான். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

"மயக்கம்போட்டு விழுந்து தப்பிக்கலாம்னு பாத்துருக்கு அது" என்றான். "நான்தான் விழவிடாம நிறுத்தி வச்சு வேலை வாங்கியிருக்கேன்."

அவன் அழுதான். ஒரு வீட்டுக்காக ஒரு ஆள் நடுத்தெருவில் அழுவதை யாரும் வினோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. செண்பகவல்லி அவனைத் திட்டுவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் சேலை முந்தானையைப் பிழிந்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அரிசி ஊறிருச்சு ஊறிருச்சுன்னு அவசரப்படுத்தினது நான்தானே என்று மட்டும் சொன்னாள்.

சங்கிலிக்கு நான்கு நாள் பிடித்தது. மஞ்சள் புள்ளிகளின் மேலேயே உளி வைத்துச் சுவரைக் கீறினார். வேறு எங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து வந்த ஒயரின் மேல்தோல் கருகிய அப்பளம் போலக் கையில் நொறுங்கியது. இரண்டு இடத்தில் தோலே இல்லாமல் வெறும் கம்பி செங்கல்லோடு ஒட்டிக் கிடந்தது, அதன் பக்கத்தில் உத்தரத்து மரம் உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகி இருந்தது. வீடு இன்னும் ஒரு வாரம் தாண்டியிருக்காது என்றார். கிரைண்டர்களுக்குத் தடித்த ஒயர் தனியாக இழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளக் வைத்து, வெளியே குழி தோண்டி எர்த் போட்டு, பாரம் கூடினால் தானாக விழுந்துவிடுகிற ஸ்விட்சு ஒன்றையும் மாட்டினார். கீறிய இடங்களை கோமதிநாயகம் தன் கையால் சிமெண்டு பூசி மூடினான்.

அதற்குப் பிறகும் ஒரு வாரம் கிரைண்டர் போடக்கூடாது என்று அமலோற்பவம் சொல்லிவிட்டார், நோயில் எழுந்த உடம்பு உடனே வேலை செய்யக்கூடாது என்பதால். அந்த ஒரு வாரமும் நாலு தெருக்காரர்கள் இட்லி இல்லாமல் உப்புமாவும் கஞ்சியும் சாப்பிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. எட்டாம் நாள் முதல் ஈடு அரைத்தபோது வாசலில் இருபது பேர் நின்று சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கு மங்கவில்லை. தட்டுகள் அசையவில்லை.

அந்தச் சித்திரையிலிருந்து தண்டவாளத்துக்குக் கிழக்கே ஒரு வழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் ஸ்விட்சு பெட்டியின் மேல் புறங்கை வைத்துப் பார்த்தார்கள். எந்தப் பலகையில் பழுப்பு ஏறியிருக்கிறது, மிக்ஸி போட்டால் யார் வீட்டு விளக்கு மங்குகிறது, எந்தக் குழாய் கையை இழுக்கிறது, எங்கே கருகின வாடை அடிக்கிறது என்று பெண்கள் தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது பேசிக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் சந்தித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, வீடு சௌக்கியமா என்றும் கேட்டார்கள்.

வைகாசி பிறந்த நாலாம் நாள் மத்தியானம், பின்தெருவிலிருந்து உலகநாதன் வந்தார். ரயில்வேயில் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறவர், யார் வீட்டுக்கும் அதிகம் போகாதவர். அவர் மூன்றாம் வீட்டு வாசலில் நின்று, தன் வீட்டிலும் கட்டிலையொட்டின சுவர் சுடுகிறது என்று செண்பகவல்லியிடம் சொன்னார். எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். இரண்டு வருஷமாக என்றார். இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

அவர் பக்கத்துச் சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"அவ போனதுக்கப்புறம் அந்தச் சுவத்துக்கு முதுகைக் குடுத்துப் படுத்தாத்தான்மா தூக்கம் வந்துச்சு. ஆள் இருந்தாப்ல இருந்துச்சு. சொன்னா ஆத்திருவீங்களே."

"இப்ப ஏன் மாமா சொல்றீங்க?"

"ரெண்டு நாளா முனகுது" என்றார். "வலிக்குதோ என்னவோ."

செண்பகவல்லி அமலோற்பவத்தை எழுப்பினாள், கோமதிநாயகம் மொபெட்டில் போய்ச் சங்கிலியைக் கூட்டிவந்தான். நாலு பேரும் உலகநாதனின் பின்னால் நடந்து அவர் வீட்டுக்குப் போனார்கள். கட்டிலை நகர்த்தினார்கள். சுவரில் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு எண்ணெய்க்கறை படிந்திருந்தது. அமலோற்பவம் வைத்துப் பார்த்து நூற்றுநான்கு என்றார். சங்கிலி மெயினை இறக்கிவிட்டு, ஆறின பிறகு டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று உளியையும் சுத்தியலையும் தரையில் வைத்து, அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

உலகநாதன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். சங்கிலி டெஸ்டரை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, தொடலாம் என்ற பிறகு, செண்பகவல்லி போய் அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அமலோற்பவமும் வைத்தார். இரண்டு மணி ரயில் வந்து போனது. சுவர் மெதுவாக ஆறிற்று, முதலில் ஓரங்களில், பிறகு மேலே, பிறகு முதுகு படுகிற இடத்தில். கடைசிச் சூடும் அவர் உள்ளங்கைக்குக் கீழே போய்விட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை, அவர் எடுக்காததால் மற்ற இருவரும் எடுக்கவில்லை, சங்கிலியும் உளியைத் தொடவில்லை.

பிறகு உலகநாதன் எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்து, உளி வைக்க இடம் விட்டு நின்றார்.

"ஆரம்பிங்க தம்பி" என்றார்.